எட்டு மணி மிஸ்டு கால்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கடிகாரம் நான்தான். சுவரில் ஒன்று மாட்டியிருந்தது. பேட்டரி தீர்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் சித்தியிடம் போய் நிற்பது என் வேலை. காலையில் பிரச்சினை இல்லை, பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். இரவில், தொண்டூருக்குக் கடைசியாக வரும் டவுன் பஸ்ஸின் சத்தத்தையும் பக்கத்து வீட்டு டிவியில் சீரியல் மாறும் பாட்டையும் வைத்துக் கணக்குப் போடுவேன். "ரத்தம் கம்மியா கீதுடி எனக்கு, அதுக்கு மாத்திர" என்று சித்தி சொல்லியிருந்தாள். நான் நம்பினேன். வேளை தவறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதையும் நம்பினேன். அது உண்மை.

சித்தப்பா லாரி ஓட்டியவர். 2005-ல் இறந்தார். அவர் போன பிறகுதான் சித்தியை நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி ரத்தம் எடுத்தார்கள். மாமியார் வீட்டில் இருக்க முடியாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். 2007-ல் கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கும் ஆயாவுக்கும் மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தது 2009-ல், அதுவும் நான் செய்த ஒரு காரியத்தால்.

பெரியம்மா மகளின் மஞ்சள் நீராட்டு. பந்தல் நிறைய ஆட்கள். இரண்டாம் பந்தி நடக்கிறது. எட்டு மணி ஆகிவிட்டது என்று எப்படியோ எனக்குத் தெரிந்துவிட்டது. சித்தி அந்தப் பக்கம் சாம்பார் வாளியோடு நின்றாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன்: "சித்தி, எட்டு மணி ஆயிட்ச்சி, மாத்திர போட்டுக்கினியா?"

யாரோ கேட்டார்கள், "இன்னா மாத்திர? சக்கரையா?" இன்னொருவர், "அவங்க ஊட்டுக்காரரு எதுல போனாரு?" அவ்வளவுதான் நடந்தது. யாரும் சத்தம் போடவில்லை, யாரும் திட்டவில்லை. சாம்பார் வாளியை வேறொரு கை வாங்கிக்கொண்டது. அடுத்த வாரத்துக்குள் சித்திக்குத் தனிச் சொம்பு வந்துவிட்டது. உறவு வீடுகளிலிருந்து பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. சித்தி மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். எட்டு மணிக்கு நான் போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாத்திரையை ஒரு நாள் போடுவது, நான்கு நாள் விடுவது என்று ஏழெட்டு மாதம் ஓடியது. பிறகு வாய்ப்புண், காய்ச்சல், எடை குறைவு.

நினைவூட்டல் என்ற சொல்லை நல்ல சொல் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு அந்தப் பந்தலும் சேர்ந்து வரும். எச்.ஐ.வி. மருந்தைத் தவறாமல் சாப்பிட வைப்பதற்காகக் கைப்பேசி வழியாக நினைவூட்டும் முயற்சிகளின் வரலாற்றை நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு வேறு பெரிய காரணம் இல்லை.

சித்தி விட்டுவிட்டுச் சாப்பிட்ட மருந்து எது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அரசு மையங்களில் பரவலாகக் கொடுத்த முதல் வரிசைக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் ஒரே மாத்திரைக்குள் இருந்தன. நாளுக்கு இரண்டு வேளை, மாதத்துக்கு அறுபது மாத்திரை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக்குப் பிறகு 95 சதவீதம் என்ற கணக்கு உலகம் முழுவதும் பரவியிருந்தது. அந்தக் கணக்குப்படி அறுபதில் மூன்று தவறலாம், நான்காவது தவறக் கூடாது. இதில் நெவிரபினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மற்ற இரண்டும் உடம்பை விட்டு வெளியேறிய பிறகும் அது பல நாள் ரத்தத்தில் தங்கும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வைரஸின் முன்னால் நெவிரபின் மட்டும் தனியாக நிற்கும். ஒற்றை ஆளை ஏமாற்ற வைரஸ் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டால் அந்த மருந்து மட்டுமல்ல, அதன் வகையைச் சேர்ந்த மற்றொன்றும் பயன்படாமல் போகலாம். சித்திக்கு அப்படித்தான் போயிற்று.

நோயாளி மாத்திரையைச் சாப்பிடுகிறாரா என்ற கவலை எச்.ஐ.வி.யோடு பிறந்ததல்ல. அதற்குச் சென்னையில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. நெருக்கமான வீடு, குறைந்த சாப்பாடு எல்லாம் இருந்தும், வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட இந்தச் சென்னை ஆய்வு ஒரு காரணம்.

ஒரு பெண்ணாக அந்த ஆய்வைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் ஒன்றாகத் தெரிகின்றன. சானடோரியத்துக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி அதோடு முடிந்தது. இது சாதாரண விடுதலை அல்ல. அதே நேரத்தில் கண்காணிப்பு ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குள் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். மருத்துவ நோக்கில் அது நியாயம். தெருவிலுள்ளவர்கள் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது எந்த அட்டவணையிலும் ஏறியிருக்காது.

எச்.ஐ.வி.யின் இந்திய வரலாறும் சென்னையில்தான் தொடங்குகிறது, அடைத்து வைக்கப்பட்ட பெண்களின் ரத்தத்தில். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். சேமிக்க இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலில் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் நோய் தெரிந்தது. இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை, அது ஒழுக்கம் கெட்ட மேல்நாட்டு வியாதி என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் வாயை ஒரு மாணவி அடைத்தார். நிர்மலாவின் துணிச்சலைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. எதற்காகச் சோதனை என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள் என்பதை நிர்மலாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தண்டனைக் காலம் முடிந்த பிறகும் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகவே பெண்களைக் காப்பகத்தில் அடைத்து வைத்த கொடுமையும் இங்கே நடந்தது. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், 1990-ல், அவர்கள் வெளியே வந்தார்கள். அதன் பிறகு வந்த விளம்பரங்களில் மண்டை ஓடு, பாம்பு, எச்சரிக்கை. ஒருவனுக்கு ஒருத்தி என்ற உபதேசம். தாலி கட்டிய ஒருவனோடு மட்டும் வாழ்ந்த பெண்கள் வரிசையாக விதவைகளாகி, பிறகு நோயாளிகளாகிக்கொண்டிருந்தார்கள். அந்த உபதேசம் அவர்களை என்ன சொல்லி அழைக்கும்? 1998-ல் சென்னையில் 18 பெண்கள் சேர்ந்து எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா முகத்தை மறைக்காமல் மேடை ஏறினார். அவர் கணவரும் லாரி ஓட்டியவர்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். தொண்டூர்ப் பாறையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய படுக்கை இருக்கிறது. அதன் அருகே தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. ஆயிரத்து எழுநூறு வருடம் ஆகியும், அந்த இருக்கையைச் செய்யச் சொன்னவர் பெயரும் செய்தவர் பெயரும் அகலூர் என்ற ஊர்ப் பெயரும் நிற்கின்றன. அகலூர் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. செஞ்சிக் கோட்டையில் பெயர்களுக்குக் குறைவே இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு அதுவும் சேர்ந்துவிட்டதால் இனி இன்னும் பெயர்ப் பலகைகள் வரும். கோட்டைக் கதையில் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குத் தெரிந்த பெண் ஒருத்திதான், 1714-ல் தேசிங்குராஜன் போரில் இறந்ததும் உடன்கட்டை ஏறியதாகச் சொல்லப்படும் ராணி. அவள் பெயரில்தான் ராணிப்பேட்டை என்பார்கள். புருஷன் போன பிறகு செத்தவளுக்கு ஓர் ஊர். புருஷன் போன பிறகு உயிரோடு இருக்க முயன்றவளுக்குத் தனிச் சொம்பு. சித்தி இதைக் கேட்டால் "ஒனக்கு எதுக்கெடுத்தாலும் கோட்ட" என்று சிரிப்பாள்.

2004 ஏப்ரல் முதல் தேதி, அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நாடு முழுவதும் முதலில் எட்டே இடங்கள். அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர் 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய இடம் அது. 2008 ஜனவரியில் இரண்டாம் வரிசை மருந்தைத் தொடங்கியபோது நாட்டில் இரண்டே இடங்கள்: மும்பையில் ஒன்று, தாம்பரத்தில் ஒன்று. சித்தியை அம்மா 2010-ல் அங்கேதான் கூட்டிப்போனாள். விடியற்காலை செஞ்சியில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் மாறி, ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கி, வரிசையில் நின்று, இரவு திரும்பி வர வேண்டும். ஒருநாள் கூலி போய்விடும். போகும் வழியில் அம்மா என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். சித்திதான் பின்னால் சொன்னாள்: "அது கொயந்த, அதுக்கு இன்னா தெரியும்னு உங்கம்மா கிட்ட நான்தான் சொன்னன்."

அங்கே வரிசையில் சித்திக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். சென்னைச் சேத்துப்பட்டு அல்ல, எங்களுக்கு வடமேற்கே இருக்கும் சேத்துப்பட்டு. அவளும் விதவை, அவளும் முதல் வரிசை மருந்தைத் தவறவிட்டு வந்தவள். கறுப்பு வெள்ளைத் திரை நோக்கியா ஒன்று அவளிடம் இருந்தது. சித்தியும் கரும்பு வெட்டப் போன காசில் பழைய போன் ஒன்று வாங்கினாள். இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். காலை எட்டு, இரவு எட்டு. ஒருத்தி மிஸ்டு கால் கொடுப்பாள், இரண்டு ரிங். மற்றவள் மாத்திரையை விழுங்கிவிட்டுத் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். காசு செலவில்லை. பத்து நிமிடத்தில் பதில் வரவில்லை என்றால் நிஜமாகவே போன் போட்டுப் பேசுவது. அதற்கு மட்டும் பேலன்ஸ் வைத்திருப்பது. அவள் எண்ணைச் சித்தி 'கேஸ் ஏஜென்சி' என்று போட்டு வைக்கச் சொன்னாள். போட்டுக் கொடுத்தது நான். வேறு யாராவது எடுத்துவிட்டால் "சிலிண்டரு வந்துட்ச்சாம்மா?" என்று கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் வீட்டில் அப்போது விறகடுப்புதான்.

சித்தியும் சேத்துப்பட்டு அக்காவும் இந்த ஏற்பாட்டைச் செய்த அதே 2010-ல் உலகமும் இதையே சோதித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கென்யாவில் 538 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2010 நவம்பரில் லான்செட் இதழில் வெளிவந்தது. வாரம் ஒருமுறை மருத்துவமனையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போகும். அதில் மருந்து, நோய், மாத்திரை எதுவும் இருக்காது. சுவாஹிலி மொழியில் 'எப்படி இருக்கிறாய்?' என்று ஒற்றைச் சொல். 48 மணி நேரத்துக்குள் 'நலம்' என்றோ 'சிக்கல்' என்றோ பதில் போட வேண்டும். சிக்கல் என்றாலோ பதிலே வராவிட்டாலோ மருத்துவப் பணியாளர் கூப்பிட்டுப் பேசுவார். ஒரு வருட முடிவில் ஒழுங்காக மருந்து எடுத்தவர்கள் குறுஞ்செய்தி வந்த குழுவில் 62 சதவீதம், வராத குழுவில் 50 சதவீதம். வைரஸ் அடங்கியவர்கள் 57-க்கு 48. அடுத்த ஆண்டு அதே நாட்டில் வேறொரு குழு வெளியிட்ட ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. வாரம் ஒருமுறை செய்தி வந்தவர்களுக்குப் பலன் இருந்தது. தினமும் வந்தவர்களுக்கு இல்லை. தினமும் ஒலிப்பது காதில் விழாமல் போய்விடுகிறதோ, எரிச்சலாகிறதோ. எங்கள் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கியை நினைத்துக்கொண்டேன்.

தென்னிந்தியாவிலும் செய்து பார்த்தார்கள். பெங்களூருவில் முதலில் 150 பேரை வைத்துச் சின்ன அளவில் பார்த்தபோது, சரியாக மருந்து எடுப்பவர்கள் 85 சதவீதத்திலிருந்து 91 ஆக உயர்ந்தார்கள். குறுஞ்செய்தியைவிடக் குரல் அழைப்பே பலருக்குப் பிடித்திருந்தது. பிறகு பெரிய ஆய்வு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனிதா ஷெட் முதலாசிரியர். சென்னையில் சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேரைச் சேர்ந்த குமாரசாமியும் குழுவில் இருந்தார். இரண்டு அரசுத் திட்ட மையங்கள், ஒரு தனியார் மையம். புதிதாக மருந்து தொடங்கிய 631 பேர், 96 வாரங்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை தானியங்கிக் குரல் அழைப்பு. பொத்தானை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். அதோடு ஒரு படச் செய்தி. மீதிப் பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முடிவு 2014-ல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. நினைவூட்டல் வந்த 315 பேரில் மருந்து தோற்றுப் போனவர்கள் 49. வராத 316 பேரில் தோற்றவர்கள் 49.

நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது. படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வருத்தமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனமோ அதற்கு முந்தைய ஆண்டே, 2013-ல், மருந்து தவறாமல் இருக்க மற்ற உதவிகளோடு சேர்த்துக் கைப்பேசிக் குறுஞ்செய்தியையும் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்துவிட்டது.

ஏன் கென்யாவில் பலித்தது இங்கே பலிக்கவில்லை? இரண்டு குழுவுக்குமே நம் நாட்டுத் திட்டப்படி மருந்து தொடங்கும் முன்பும் பிறகும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுகிறார். அந்தப் பேச்சு ஏற்கெனவே செய்துவிட்ட வேலைக்கு மேல் இயந்திரத்துக்கு மிச்சம் எதுவும் இல்லாமல் போயிருக்கலாம். அப்படியானால், எங்கள் பக்கத்து மையங்களில் ஒப்பந்தச் சம்பளத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசும் ஆலோசகர்களுக்கு, பெரும்பாலும் அவர்கள் பெண்கள், கொடுக்கப்படாத பாராட்டு ஒன்று இந்தத் தோல்விக்குள் இருக்கிறது. இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. கென்யாவில் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். 'சிக்கல்' என்று போட்டால் கூப்பிடுவார். இங்கே பதிவு செய்த குரல் கேட்டது. நீ சாப்பிட்டாயா என்று கேட்பதற்கும், எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கும் நடுவில் நிறைய தூரம். முதல் கேள்வியைத்தான் நானும் பந்தலில் கேட்டேன்.

இது என் ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாடு வேறு, மருந்துக் கடைப்பிடிப்பை அளந்த விதம் வேறு. ஒன்றை ஒன்றோடு வைத்துத் தீர்ப்புச் சொல்ல எண்கள் இடம் கொடுக்காது.

ஆனால் மறதிதான் காரணம் என்ற எண்ணம் தவறு என்று சொல்ல எனக்கு எண்கள் வேண்டாம். கடந்த இரண்டு வருடமாகச் செஞ்சியைச் சுற்றியுள்ள சில ஊர்களில் மருந்து எடுக்கும் பெண்களோடு சித்தியை முன்னிட்டுப் பேசியிருக்கிறேன். யாரும் மறந்துபோய் விட்டதாகச் சொல்லவில்லை. மறப்பதற்கு அது என்ன தேங்காய் வாங்குவதா என்று ஒருத்தி கேட்டாள். நாற்று நடவுக்கு வந்த இடத்தில் டப்பாவைத் திறக்க முடியவில்லை. மாமனார் செத்த வீட்டில் மூன்று நாள் கூட்டத்தோடு படுக்க வேண்டியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மருந்துதான், அவர் மாத்திரை தீர்ந்துபோய் இவளுடையதை எடுத்துக்கொண்டார். எட்டு மணி என்பது குடித்துவிட்டு வரும் நேரம். எபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை வந்த பிறகு ஒரே வேளை என்பது வசதிதான். ஆனால் இரவெல்லாம் தலைசுற்றலும் கெட்ட கனவும் வந்து, விடியலில் பால் கறக்க எழ முடியாமல், பால் சொசைட்டி நேரத்துக்குப் போவதற்காக மாத்திரையை விட்டவர்கள் உண்டு. போன் மணி இதில் எதைத் தீர்க்கும்?

நேரத்தையும் அவர்கள் போனுக்கு முன்பே வைத்திருந்தார்கள். ஆகாசவாணியின் 7.15 செய்தி முடிந்ததும் ஒருத்தி காலை மாத்திரையைப் போட்டாள். செஞ்சியில் இரவுத் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் இன்னொருத்தி போட்டாள். அவள் இந்து, பாங்கு பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் முன்பின் ஆகும் என்று அவளுக்குத் தெரியும், "ஆண்டவருக்கு ஆவுற நேரம் மாத்திரைக்கு ஆவாதா" என்றாள். டவுன் பஸ், பள்ளிக்கூட மணி, சீரியல் பாட்டு. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. ஊருக்கே கேட்கும், ஆனால் யாருக்காகவென்று யாருக்கும் தெரியாது. போன் அப்படியல்ல. ஒருவருக்காக ஒலிக்கும், வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த போனும் யாருடையது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தானே பயன்படுத்தும் கைப்பேசி தன்னிடம் இருப்பதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 54 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 46. தமிழ்நாட்டில் நிலைமை மேல்; நான்கில் மூவர். நான்காவது பெண்ணின் போன் மகன் கையில் இருக்கிறது, கேம் ஆட. அல்லது புருஷன் சட்டைப் பையில். கையில் இருப்பவளின் போனையும் பாஸ்வேர்டு இல்லாமல் வைக்கச் சொல்கிற வீடுகளை நமக்குத் தெரியும். நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் அவர் நிலையை வெளியிடக் கூடாது என்று 2017-ல் சட்டம் வந்தது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்தது. மாத்திரைக்கு மணி அடிக்கும் போனை மைத்துனர் எடுத்தால் எந்தச் சட்டம் வந்து நிற்கும்? ஒய்யாரமான செயலிகளை வடிவமைக்கிறவர்கள் ஒரு போனுக்கு ஒரு மனிதர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு போனுக்கு ஒரு வீடு.

அதனால்தான் அந்தக் கேஸ் ஏஜென்சி ஏற்பாட்டை நான் வியக்கிறேன். இரண்டு ரிங், சொல் இல்லை, செலவு இல்லை, தடயம் இருந்தாலும் வேறு பெயரில். எதிர்முனையில் இருப்பவளும் அதே மாத்திரையைக் கையில் வைத்திருக்கிறாள். அவள் கண்காணிக்கிறவள் அல்ல. 2010-லிருந்து இரண்டு பேரும் தவறவிட்டது ஒரு கை விரலுக்குள் அடங்கும் என்கிறாள் சித்தி. ஒருமுறை அந்த அக்காவிடமிருந்து பதில் வராமல் சித்தி கூப்பிட்டபோது, புருஷன் வீட்டுப் பங்குக்காக மைத்துனர்கள் அவளை வெளியே தள்ளியிருந்தார்கள். அன்று மாத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுநாள் சித்தி பஸ் ஏறிச் சேத்துப்பட்டுக்குப் போனாள். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தாள். தன் டப்பாவையும் கையோடு எடுத்துப்போயிருந்தாள்.

2020 மார்ச்சில் பஸ்கள் நின்றபோது, பல மாத மருந்தை ஒரே தடவையாகக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வர முடியாதவர்களுக்கு எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களே மாத்திரையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சித்திக்கும் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று போன் செய்தாள். ஊருக்குள் வந்தால் யார், எதற்கு என்று கேட்பார்கள் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் போய் வாங்கி வந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பையை வாங்கும்போது அவள் கேட்டாள், "அவங்க எப்பிடி இருக்காங்க?" மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேட்கவில்லை.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டொலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை, நாளுக்கு ஒன்று. ஓரிரு வேளை தவறினாலும் பழைய மருந்தைப் போல உடனே பழிவாங்குவதில்லை. எங்கள் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை. சித்தி ஸ்மார்ட்போனுக்கு மாறிவிட்டாள். அலாரம் வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "அலாரத்துக்குத் திருப்பி மிஸ்டு கால் குடுக்க முடியுமா?" என்றாள்.

இந்தக் கட்டுரைக்காக அவளிடம் அனுமதி கேட்டபோது, பந்தல் சம்பவத்தை எழுதலாமா என்றுதான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எயுது. ஆனா போன்ல இன்னா பேரு போட்டுக்கினோமோ அத மட்டும் மாத்திட்டு எயுது. அது இன்னும் ஓடிக்கினு கீது" என்றாள்.

மாற்றிவிட்டேன். அது கேஸ் ஏஜென்சி அல்ல.